அந்தக் குளத்துக்குத் தண்ணி விட்டது நீங்கதான்!



இந்த வாரக் கேள்வி, பி.காம். மூணாவது வருஷம் படிக்கிற ஒரு தோழியிடமிருந்து. லெட்டரைப் படிச்சதும், மற்ற கேள்விகளை எல்லாம் ஓரமா வெச்சுட்டேன். சுருக்கமா மேட்டர் இதுதான்:

'எங்க அக்காவுக்கு எட்டாவது மாசம். ஸ்கேன் பண்ணிப் பார்த்துட்டு, குழந்தையைச் சுத்தி தண்ணி கம்மியா இருக்குன்னு சொல்லிட்டாங்க. அதிலேருந்து வீட்டுல ஆளாளுக்கு அவளைத்தான் சொல்றாங்க. ஒழுங்கா தண்ணி குடிச்சிருந்தா இப்படி ஆகுமாங்கறாங்க அவ மாமியார். அக்கா பாட்டிலும் கையுமா உட்கார்ந்து, அழுதுக்கிட்டே குடிக்கிறா. அவ குடிக்கிற தண்ணி நேரா அங்கதான் போகுதா? நிஜமாவே தப்பு அவ மேலதானா?'

ரெண்டு கேள்விக்கும் ஒரு வரி பதில்: நேரா போகாது. தப்பும் அவங்க மேல இல்லை. ஒரு வரியில சொன்னா உங்க வீட்டுல யாரும் நம்பப்போறதில்லை. அதனால கொஞ்சம் விவரமாவே பார்த்துடலாம். இது உங்க அக்கா கதை மட்டும் இல்லை. இதைப் படிச்சுக்கிட்டு இருக்கிற ஒவ்வொருத்தரும் பிறக்கறதுக்கு முன்னாடி செஞ்ச வேலையோட கதை.

குடமா? இல்லை, அணை!

நம்ம ஊர்ல 'பனிக்குடம்'னு ஒரு அழகான வார்த்தை இருக்கு. சினிமாவுல மழை ராத்திரி, ஹீரோயின் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்காருவாங்க, பாட்டி 'பனிக்குடம் உடைஞ்சிருச்சு, வண்டியைக் கூப்பிடு'ன்னு கத்துவாங்களே, அதேதான். ஆனா குடம்னு சொன்னதும் நமக்கு என்ன தோணும்? யாரோ ஒரு தடவை ரொப்பி, மூடி வெச்ச தண்ணி. அங்கேதான் குழப்பமே ஆரம்பிக்குது.

அது குடம் இல்லை பாஸ், அணை. பேப்பர்ல தினமும் மேட்டூர் அணை நிலவரம் போடுவாங்க, கவனிச்சிருப்பீங்க. நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு, நீர்மட்டம் இவ்வளவு. நீர்மட்டம் மாறாம இருந்தா உள்ளே ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தமா? வந்த அளவுக்கே போய்க்கிட்டு இருக்குன்னுதான் அர்த்தம். பனிக்குடத்திலும் அப்படித்தான். தினமும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் உள்ளே வருது, கிட்டத்தட்ட அதே அளவு வெளியே போகுது. டாக்டர் ஸ்கேனில் பார்க்கிறது அந்த ரெண்டுக்கும் நடுவில் நிற்கிற மட்டத்தை.

சரி, வரத்து எங்கிருந்து?

கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் விஷயம் எளிமையானது. சிசுவின் தோல் அப்போ சல்லடை மாதிரி. சவ்வுகள் வழியாகவும் தோல் வழியாகவும் நீர் கசிந்து சேரும். 10-வது வாரத்தில் மொத்தமே சில ஸ்பூன்தான், 30 மில்லிக்குள்ளே. 16-வது வாரத்தில் சுமார் 200 மில்லி. 34-வது வாரம் வாக்கில் 800 மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை உச்சத்தைத் தொடும். அதுக்கப்புறம் மெதுவா இறங்க ஆரம்பிக்கும். 40 வாரம் தாண்டினா இன்னும் வேகமா குறையும்.

நடுவுல ஒரு முக்கியமான திருப்பம் இருக்கு. மூணாவது மாசத்திலேயே சிசுவோட சிறுநீரகம் வேலைக்கு வந்துடுது. ஐந்தாறு மாசத்துக்குள்ளே தோலும் கெட்டியாகி, கசிவு நின்னுடும். அதுக்கப்புறம் அந்தக் குளத்துக்கு முக்கியமான வரத்து எது தெரியுமா? குழந்தையோட சிறுநீர்.

முகம் சுளிக்காதீங்க! நம்ம சிறுநீர் மாதிரி கழிவு நிறைஞ்சது இல்லை அது. வயித்துக்குள்ளே இருக்கிற வரைக்கும் ரத்தத்தைச் சுத்தம் பண்ற வேலையை நஞ்சுக்கொடி பார்த்துக்குது. கழிவு அம்மாவோட ரத்தத்துக்குப் போய், அம்மாவோட சிறுநீரகம் அதை வெளியேத்திடும். அதனால குழந்தையோட சிறுநீரகம் செய்யற முக்கியமான வேலை, தண்ணி தயாரிக்கிறதுதான். அந்தச் சிறுநீர் ரத்தத்தைவிட ரொம்ப நீர்த்தது.

அளவு? பிரசவம் நெருங்கும்போது ஒரு நாளைக்கு 700 முதல் 1000 மில்லி. 3 கிலோ குழந்தை, தன் எடையில் கால் பங்கு தினமும் ஒண்ணுக்குப் போகுது! நீங்க 60 கிலோன்னு வெச்சுக்குங்க, அதே விகிதத்தில் தினம் 15 லிட்டர். ஹாஸ்டலில் பாத்ரூம் க்யூவை நினைச்சுப் பாருங்க.

ரெண்டாவது வரத்து, நுரையீரல். உள்ளே காத்து கிடையாது, ஆனா நுரையீரல் சும்மா இல்லை. தினமும் 300 மில்லிக்கு மேல ஒரு திரவத்தைச் சுரக்குது. அதில் பாதி தொண்டைக்கு வந்ததுமே விழுங்கப்பட்டுடும். மீதிப் பாதி, சுமார் 170 மில்லி, குளத்தில் வந்து சேரும்.

பி.காம். தோழிக்காக ஒரு லெட்ஜர்

வரவு பார்த்தாச்சு, செலவு? பெரிய செலவு, குழந்தை குடிக்கிறது. ஒரு நாளைக்கு 500 மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை விழுங்குது. விழுங்கினது குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்துக்குப் போய், சிறுநீரகத்துக்குப் போய், திரும்பவும் குளத்துக்கே வருது. இதில் ருசி வேற உண்டு! அம்மா சாப்பிட்ட பூண்டு வாசனை பனிக்குட நீரில் ஏறுவதை 1995-ல் அமெரிக்காவில் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. உங்க வீட்டுப் பூண்டுக் குழம்பு உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா தெரியுதுன்னா, அறிமுகம் ரொம்பப் பழசா இருக்கலாம்.

இப்போ கணக்கு. பாதிக்கு மேல ஆட்டுக் குட்டிகளில் அளந்து, மனுஷக் குழந்தைக்குப் பொருத்தின எண்கள் இவை, அதனால தோராயமாவே எடுத்துக்குங்க. வரவு: சிறுநீர் 800, நுரையீரல் 170. மொத்தம் 970 மில்லி. செலவு: விழுங்கினது 700. சவ்வு வழியா அம்மா பக்கம் போறது வெறும் 10. டாலி ஆகுதா? ஆகலை! 260 மில்லி உதைக்குது. தினமும் அவ்வளவு மிச்சமானா பத்தே நாளில் இரண்டரை லிட்டருக்கு மேல சேர்ந்து வயிறு வெடிச்சுடும். ஆனா நிஜத்தில் அப்படி ஆகறதில்லை.

ட்ரையல் பேலன்ஸ் உதைச்சா நீங்க என்ன பண்ணுவீங்க? வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்ல போட்டுட்டு, விட்டுப்போன என்ட்ரியைத் தேடுவீங்க. டாக்டர்களும் பல வருஷம் அதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. அந்த என்ட்ரியைப் பிடிச்சுக் காட்டினவங்க வில்லியம் கில்பர்ட், ராபர்ட் பிரேஸ் என்ற ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள். வருஷம் 1989. ஆட்டுச் சிசுக்களை வெச்சு அவங்க கண்டுபிடிச்சது இதுதான்: நஞ்சுக்கொடியோட உட்பக்கத்தில், மெல்லிய சவ்வுக்கு அடியில், குழந்தையோட சொந்த ரத்தக்குழாய்கள் வேர் மாதிரி பரவியிருக்கு. குளத்துத் தண்ணி அந்தச் சவ்வைத் தாண்டி நேரா குழந்தையோட ரத்தத்துக்கே போயிடுது. வாய் வழியா இல்லாம ஒரு கள்ள மதகு!

ஏன் போகுது? பாயசத்துக்கு உலர்ந்த திராட்சை போடுறாங்களே, அது ஊறி உப்புறது எப்படி? வெளியே நீர்த்த தண்ணி, உள்ளே அடர்த்தியான சாறு. தண்ணி அடர்த்தியான பக்கம் ஓடும். இங்கேயும் அதே கதை. குளத்துத் தண்ணி நீர்த்தது, குழந்தையோட ரத்தம் அடர்த்தி. அதனால தண்ணி ரத்தத்தைப் பார்த்து நகருது. அந்தச் சவ்வுகளில் தண்ணிக்குன்னே ஸ்பெஷல் வாசல்கள் இருக்கு. பேரு அக்வாபோரின். இந்த வாசல்களைக் கண்டுபிடிச்ச பீட்டர் ஏக்ருக்கு 2003-ல் கெமிஸ்ட்ரி நோபல் பரிசே கிடைச்சது. அதில் ஒரு வகை வாசல் இல்லாம பிறப்பிக்கப்பட்ட எலிகளில் பனிக்குட நீர் வழக்கத்தைவிட அதிகமா இருந்ததையும் பார்த்திருக்காங்க.

இதைவிட ஆச்சரியம், இந்த மதகு தேவைக்கு ஏத்த மாதிரி கூடவும் குறையவும் செய்யுது. குளத்தில் வரத்து அதிகமானா சவ்வு அதிகமா உறிஞ்சும், குறைஞ்சா குறைவா உறிஞ்சும். குழந்தையோட சிறுநீரிலேயே, 'இன்னும் உறிஞ்சு'ன்னு சவ்வைத் தூண்டுற ஏதோ ஒரு பொருள் கலந்து வருதுங்கறதை ஆட்டுச் சோதனைகள் காட்டியிருக்கு. வரத்தே மதகுக்கும் தகவல் சொல்லிடுது. நம்ம பொதுப்பணித்துறைக்குக்கூட இவ்வளவு வேகமா தகவல் போகாது!

அம்மாவோட பங்கு எங்கே?

அப்போ அம்மா குடிக்கிற தண்ணிக்கு வேலையே இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. முதலீடு அவங்களோடது. அம்மா குடிச்ச தண்ணி அவங்க ரத்தத்துக்கு, அங்கிருந்து நஞ்சுக்கொடி வழியா குழந்தையோட ரத்தத்துக்கு, அப்புறம் குழந்தையோட சிறுநீரகத்துக்கு, அதுக்கும் அப்புறம்தான் குளத்துக்கு. பாட்டிலுக்கும் பனிக்குடத்துக்கும் நடுவுல இத்தனை ஸ்டாப்பிங்.

முதலீடு எவ்வளவு தெரியுமா? பிரசவ சமயத்தில் குழந்தை உடம்பில் சுமார் 2,800 மில்லி, நஞ்சுக்கொடியில் 400, குளத்தில் 800. ஆக 4 லிட்டர் தண்ணி. 280 நாளால் வகுத்துப் பாருங்க. சராசரியா நாளைக்கு 14 மில்லி, மூணு டீஸ்பூன்கூட இல்லை. அம்மாகிட்டேருந்து நிகரமா சேர்றது அவ்வளவுதான். தினமும் சுத்துற லிட்டர் கணக்கெல்லாம் குழந்தையோட சொந்த ரொட்டேஷன்.

அம்மா தண்ணி குடிக்காம வாடினா அவங்க ரத்தம் அடர்த்தியாகும், நஞ்சுக்கொடி வழியா வர்ற வரத்து குறையும். அது உண்மை. அதே மாதிரி, தண்ணி கம்மின்னு சொன்ன தாய்மார்கள் ரெண்டு லிட்டர் குடிச்சதும் ஸ்கேன் அளவு கொஞ்சம் ஏறினதை ஆய்வுகளும் காட்டியிருக்கு. அதனால குடிக்கச் சொல்றது நல்ல யோசனைதான். ஆனா நடுவுல இருக்கிற ஸ்டாப்பிங்கில் எங்கேயாவது அடைப்பு இருந்தா, குடம் குடமா குடிச்சாலும் குளம் ரொம்பாது.

தண்ணி வத்தினா என்ன ஆகும்?

சிகாகோவில் எடித் பாட்டர்னு ஒரு பெண் டாக்டர் இருந்தாங்க. இறந்து பிறந்த, பிறந்ததும் இறந்த குழந்தைகளைப் பரிசோதிச்சு, ஏன்னு கண்டுபிடிக்கிறது அவங்க வேலை. 1946-ல் ஒண்ணு எழுதினாங்க: ரெண்டு சிறுநீரகமும் உருவாகாத குழந்தைகளுக்கு முகம் ஒரே மாதிரி இருக்கு, தட்டையான மூக்கு, தாழ்ந்த காது. அந்தக் குழந்தைகளுக்கு நுரையீரலும் சின்னதா இருந்தது. சிறுநீரகம் இல்லாத குழந்தை சிறுநீரகக் கோளாறில் சாகலை. மூச்சு விட முடியாம செத்துச்சு.

சிறுநீரகத்துக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்? நடுவுல அந்தக் குளம்தான் சம்பந்தம். சிறுநீரகம் இல்லைன்னா குளம் இல்லை. குளம் இல்லைன்னா கருப்பைச் சுவர் குழந்தையை நாலாபக்கமும் நசுக்கும், முகம் அதனாலதான் அப்படி அழுந்தியிருந்தது. நுரையீரல் வளர, அதுக்குள்ளே திரவம் நிறைஞ்சு, பலூன் மாதிரி விரிஞ்சு நிற்கணும். வெளியே தண்ணியோட எதிர்ப்பு இல்லைன்னா உள்ளே இருக்கிற திரவம் வடிஞ்சிடும், பலூன் விரியாது.

இதை உறுதிப்படுத்துற மாதிரி ஒரு முயற்சி சமீபத்தில் அமெரிக்காவில் நடந்தது. ரெண்டு சிறுநீரகமும் இல்லாத சிசுக்களைச் சுமந்த 18 தாய்மார்களுக்கு, ஊசி வழியா திரும்பத் திரும்பக் கருப்பைக்குள்ளே செயற்கையா நீர் ஏத்தினாங்க. 2023-ல் முடிவு வந்தது. 17 குழந்தைகள் உயிரோட பிறந்தாங்க. 14 குழந்தைகள் ரெண்டு வாரம் தாண்டி உயிரோட இருந்தாங்க. நுரையீரல் வேலை செஞ்சது! ஆனா சிறுநீரகம் இல்லாத கைக்குழந்தைக்கு டயாலிசிஸ் பண்ணிக் காப்பாத்தறது பெரும்பாடு. வீட்டுக்குப் போனது 6 பேர்தான். ஜெயிச்சதா தோத்ததான்னு இன்னும் டாக்டர்கள் விவாதிக்கிறாங்க. ஆனா ஒண்ணு தெளிவாச்சு. தண்ணி இருந்தா நுரையீரல் வளருது.

பயந்துடாதீங்க. உங்க அக்கா கதை இது இல்லை. நுரையீரலுக்கு ரொம்ப முக்கியமான காலம் நாலாவது மாசத்திலிருந்து ஆறாவது மாசம் வரை. உங்க அக்கா எட்டாவது மாசத்தில் இருக்காங்க.

அது தீர்ப்பு இல்லை, தந்தி

அப்போ எட்டாவது மாசத்தில் தண்ணி குறைஞ்சா? அதை ஒரு தந்தி மாதிரி பாருங்க. குழந்தை அனுப்பின தந்தி. நஞ்சுக்கொடியிலிருந்து போதுமான ரத்தம் வராதபோது குழந்தை ஒரு புத்திசாலித்தனம் பண்ணும். இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும். சிறுநீரகத்துக்கு ரேஷன். சிறுநீர் குறையும், குளம் குறையும். இல்லைன்னா சவ்வில் சின்னக் கசிவு இருக்கலாம். ஆண் குழந்தைகள் சிலருக்கு மூத்திரக் குழாயில் அடைப்பு இருக்கலாம். எதுன்னு தேடத்தான் டாக்டர் டாப்ளர் ஸ்கேன், அது இதுன்னு எழுதித் தருவாங்க. இதில் எதுக்காவது உங்க அக்கா காரணமா? நீங்களே சொல்லுங்க.

அதே மாதிரி தண்ணி அதிகமாறதும் தந்திதான். குழந்தைக்கு உணவுக்குழாய் அடைஞ்சிருந்தா விழுங்க முடியாது, செலவு குறைஞ்சு குளம் ரொம்பும். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தா குழந்தை ரத்தத்திலும் சர்க்கரை ஏறி, அதிகமா ஒண்ணுக்குப் போகும். ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கு போடுற ரெட்டைக் குழந்தைகளில், ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தருக்கு ஓடி, ஒரு பக்கம் வறட்சி, ஒரு பக்கம் வெள்ளம்னு ரெண்டும் சேர்ந்தே வர்றதும் உண்டு.

அளக்கறதிலும் ஒரு சங்கதி. வயித்தை நாலு மூலையா பிரிச்சு, ஒவ்வொரு மூலையிலும் ஆழமான இடத்தை அளந்து கூட்டினா வர்றதுதான் ரிப்போர்ட்டில் இருக்கிற 'ஏ.எஃப்.ஐ.'. 5 சென்டிமீட்டருக்குக் கீழே போனா கம்மி, 24-க்கு மேல போனா அதிகம். இன்னொரு முறை, ஒரே ஒரு ஆழமான இடத்தை மட்டும் அளக்கிறது. அது 2 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், நாலு மூலைக் கணக்கு அதிகம் பேருக்கு 'கம்மி'ன்னு முத்திரை குத்தி, அதிகம் பேருக்கு மருந்து கொடுத்து வலி வரவழைக்க வெச்சது. ஆனா குழந்தைகளுக்குக் கூடுதல் நன்மை எதுவும் தெரியலை. அதனால, 'எந்த முறையில அளந்தீங்க டாக்டர்? திரும்ப எப்ப பார்க்கணும்?'னு தைரியமா கேளுங்க. கேட்கிறதில் தப்பே இல்லை.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். அக்காவுக்குத் தலைவலி, இடுப்புவலின்னா மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுறது நீங்களாத்தான் இருக்கும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் குழந்தையோட சிறுநீரகத்துக்குப் போற ரத்தத்தைக் குறைச்சுடும், குளம் வத்தும். 20 வாரத்துக்கு மேல இவற்றைத் தவிர்க்கணும்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் எச்சரிக்கையே விட்டது. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தா மறைக்காம டாக்டரிடம் சொல்லுங்க. நிறுத்தினா பெரும்பாலும் தண்ணி திரும்ப ஏறிடும். அதுக்காக டாக்டரே எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து.

ஆக தோழி, நீங்க செய்ய வேண்டியது மூணு. ஒண்ணு, அக்கா கையில் இருக்கிற பாட்டிலைப் பிடுங்க வேண்டாம், ஆனா தாகத்துக்குக் குடிக்கட்டும், தண்டனையா குடிக்க வேண்டாம். ரெண்டு, அடுத்த ஸ்கேனுக்கு நீங்களும் கூடப் போங்க. குழந்தை அசைவு குறைஞ்ச மாதிரி தெரிஞ்சா, தண்ணி கசியற மாதிரி இருந்தா, தேதி வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மூணு, இந்தப் பக்கத்தைக் கிழிச்சு, அக்காவோட மாமியார் கண்ணில் படற மாதிரி டி.வி. மேல வெச்சுடுங்க. சத்தம் போட்டுச் சண்டை எல்லாம் வேண்டாம். 'அத்தை, இந்தக் குளத்துக்குத் தண்ணி விடறது உங்க பேரப்பிள்ளைதானாம்'னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. அவங்களும் ஒரு காலத்தில் இதே பேச்சைக் கேட்டு, பாட்டிலுக்குப் பதிலா சொம்பும் கையுமா உட்கார்ந்திருந்தவங்களா இருக்கலாம்.

குழந்தை பிறந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்க. நாங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருப்போம்.

அடுத்த வாரம் வேற ஒரு கேள்வியோட மீட் பண்ணலாம்!